கோப்புறை தருவது பெயர் மட்டுமே: பிஎச்பியில் பட்டியல் வாசிப்பது எப்படி?

பினாங்கில் தைப்பூசம் முடிந்த மறு சனிக்கிழமை, என் கணினி வகுப்புக்கு வரும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களின் கைப்பேசிகளில் படங்கள் நிரம்பி வழியும். வெள்ளி ரதம், 2017இல் முதன்முறையாக வலம் வந்த தங்க ரதம், காவடி, பால்குடம், தண்ணீர்மலைப் படிகள், வழி நெடுக இரவெல்லாம் கண் விழித்திருக்கும் தண்ணீர்ப் பந்தல்கள் என்று ஒவ்வொருவரிடமும் நூற்றுக்குக் குறையாது. அவற்றையெல்லாம் ஓர் இணையப் பக்கத்தில் போட வேண்டும் என்று கிளம்பியபோதுதான் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, படம் சேர்க்கும்போதெல்லாம் பக்கத்தையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டுமா? கோப்புறையில் போட்டால் அதுவாகவே வந்துவிடாதா?" வரும். அதற்கு, கோப்புறைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று வழங்கியிடம், அதாவது இணையப் பக்கத்தை வைத்திருந்து அனுப்பும் கணினியிடம், கேட்டு, அது தரும் விடையைப் பக்கமாக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அதை முதன்முறையாகச் செய்யப்போகிறவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

படம் பார்ப்பவரின் உலாவி இந்த வேலையைச் செய்ய முடியாது. அது தன் முகவரிக்கு வந்து சேர்வதை மட்டுமே அறியும். கோப்புகள் இருப்பது வழங்கியில் என்பதால், வழங்கியிலேயே ஓடும் ஒரு நிரல்மொழிதான் கோப்புறையைத் திறந்து பார்க்க முடியும். அத்தகைய மொழிகள் பல உண்டு. நான் பிஎச்பியை எடுத்துக்கொள்கிறேன். ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம்முடைய சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதிய கருவிகளை 1995இல் வெளியிட்டதிலிருந்து வளர்ந்த மொழி அது; குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் இணைய இடங்கள் பெரும்பாலானவற்றில் கேட்காமலேயே இருக்கும். செயற்கூறுகளின், அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல்துண்டுகளின், பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும்; 'இஸ்', 'அரே' என்று தொடங்கும் பெயர்களில் மட்டும் அந்தச் சொல்லுக்குப் பின் இடைவெளிக்குப் பதிலாக ஓர் அடிக்கோடு வரும். 'டிர்' என்று வரும் இடமெல்லாம் டைரக்டரி என்னும் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் என்று கொள்க.

நிரலுக்குப் போவதற்கு முன், கோப்புறை என்பது என்ன என்பதில் தெளிவு வேண்டும். கோப்புகளைப் போட்டு வைத்திருக்கும் பெட்டி என்றுதான் பலரும் மனத்தில் படம் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படம் தவறானது. லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வழி இயங்குதளங்களில் கோப்புறை என்பது வகுப்பாசிரியர் கையில் இருக்கும் வருகைப் பதிவேட்டைப் போன்றது. பதிவேட்டில் மாணவரின் பெயரும் அதற்கு நேராக ஓர் எண்ணும் இருக்கும். மாணவர் பதிவேட்டுக்குள் இருப்பதில்லை. கோப்புறையிலும் கோப்பின் பெயரும், அந்தக் கோப்பு வட்டில் எங்கே எப்படி இருக்கிறது என்ற விவரத்தைத் தேடிப்பிடிக்க உதவும் எண்ணும் மட்டுமே உள்ளன. அளவு, திருத்திய நேரம், யாருக்கு என்ன உரிமை என்பன வேறிடத்தில் இருக்கின்றன. ஆகவே கோப்புறையை வாசித்தால் நமக்குக் கிடைப்பது பெயர்களே. தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பெயர் கைக்கு வந்ததும் கோப்பே வந்துவிட்டதாக எண்ணுவதால் வருபவை என்பது என் அனுபவம்.

எளிய வழியிலிருந்து தொடங்குவோம். 2004இல் வந்த பிஎச்பி 5 முதல் 'ஸ்கேன்டிர்' என்னும் செயற்கூறு உள்ளது. கோப்புறையின் பாதையை அதனிடம் கொடுத்தால், உள்ளே இருக்கும் பெயர்கள் அனைத்தையும் ஏறுவரிசையில் அடுக்கி, ஓர் அணியாக, அதாவது எண்ணிட்ட வரிசைப் பட்டியலாகத் திருப்பித் தரும். அந்த அணியை 'ஃபார்ஈச்' மடக்கில், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளையில், விட்டு ஒவ்வொரு பெயராக அச்சிட்டால் நம் பக்கத்தின் முதல் வடிவம் தயார். பாதை தவறாக இருந்தாலோ, படிக்க உரிமை இல்லாவிட்டாலோ, அணிக்குப் பதிலாகப் 'பொய்' என்னும் மதிப்பும் ஓர் எச்சரிக்கையும் வரும். எனவே கிடைத்தது அணிதானா என்று பார்த்துவிட்டு மடக்குக்குள் செல்வதே முறை.

முதல்முறை ஓட்டிப் பார்ப்பவர்கள் பட்டியலைக் கண்டதும் திகைப்பார்கள். படங்களோடு சேர்ந்து ஒற்றைப் புள்ளி ஒன்றும் இரட்டைப் புள்ளி ஒன்றும் நிற்கும். ஒற்றைப் புள்ளி இந்தக் கோப்புறையையே குறிக்கும் பெயர். இரட்டைப் புள்ளி இதற்கு மேலே உள்ள தாய்க் கோப்புறையின் பெயர். இவை பிழையல்ல, ஒவ்வொரு பதிவேட்டிலும் இருக்கும் பதிவுகள். பக்கத்தில் இவை தேவையில்லை என்பதால் நீக்க வேண்டும், நீக்கும் முறையில்தான் கவனம் தேவை. இவ்விரண்டும் எப்போதும் முதல் இரண்டு இடங்களில் இருக்கும் என்று நம்பி, அணியின் முதல் இரண்டு உறுப்புகளை வெட்டி எறியும் நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சமூக ஊடகப் பழக்கத்தில் ஒரு மாணவன் தன் படத்துக்கு '#தைப்பூசம்' என்று பெயர் வைத்திருந்தான். எழுத்துக் குறியீட்டில் '#' என்பதன் எண் 35, புள்ளியின் எண் 46. ஏறுவரிசையில் '#' முன்னால் வந்துவிட, அவன் படமும் ஒற்றைப் புள்ளியும் வெட்டுப்பட்டு, இரட்டைப் புள்ளி மட்டும் பக்கத்தில் நின்றது. இடத்தைப் பார்த்து வெட்டாமல் பெயரைப் பார்த்து விலக்குவதே சரி. 'அரே டிஃப்' என்னும் செயற்கூறு ஓர் அணியிலிருந்து குறிப்பிட்ட மதிப்புகளைக் கழித்துத் தரும். அது பழைய வரிசை எண்களை மாற்றாமல் விட்டுவிடும் என்பதால், எண்ணைக் கொண்டு உறுப்பை எடுக்கப்போகிறவர்கள் 'அரே வேல்யூஸ்' கொண்டு மறுபடி எண்ணிட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, வந்த பெயர்களில் எது கோப்பு, எது துணைக் கோப்புறை என்று பிரிக்க வேண்டும். 'இஸ் ஃபைல்', 'இஸ் டிர்' என்று இரண்டு செயற்கூறுகள் உண்டு. மாணவர்கள் ஸ்கேன்டிர் தந்த பெயரை அப்படியே இஸ் ஃபைலிடம் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் 'பொய்' என்றே விடை வரும். கோப்பு கண் முன்னால் இருக்கிறதே என்று வாதாடுவார்கள். காரணம் நாம் மேலே பார்த்ததுதான்: கையில் இருப்பது வெறும் பெயர். அந்தப் பெயரில் ஒரு கோப்பு நிரல் அந்நேரத்தில் நிற்கும் கோப்புறையில் இருக்கிறதா என்றுதான் இஸ் ஃபைல் தேடும். நாம் வாசித்த கோப்புறையில் அல்ல. ஆகவே கோப்புறையின் பாதை, ஒரு சாய்கோடு, பெயர் ஆகிய மூன்றையும் ஒட்டி முழுப் பாதையாக்கிக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதையையும் நிரல்கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுடன் பேரெழுத்தில் 'டிர்' என்று எழுதினால் கிடைக்கும் மாறிலி, 2009இல் வந்த பிஎச்பி 5.3 முதல், அந்த இடத்தைத் தருகிறது. சாய்கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற கவலை வேண்டாம். முன்சாய்கோடு விண்டோசிலும் வேலை செய்யும்.

ஸ்கேன்டிர் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் பழைய வழி மூன்று படிகளைக் கொண்டது. 'ஓப்பன்டிர்' கோப்புறையைத் திறந்து ஒரு பிடியைத் தரும். 'ரீட்டிர்' அந்தப் பிடியைக் கொண்டு அழைக்கும்போதெல்லாம் ஒரு பெயரைத் தரும், பெயர்கள் தீர்ந்ததும் 'பொய்' தரும். 'குளோஸ்டிர்' மூடிவிடும். ஸ்கேன்டிர் பதிவேடு முழுவதையும் படியெடுத்துக் கையில் தருகிறது என்றால், ரீட்டிர் ஆசிரியர் பெயர் கூப்பிடுவதைப் போல ஒவ்வொன்றாகச் சொல்கிறது. சில நூறு படங்கள் உள்ள கோப்புறைக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. பல இலட்சம் கோப்புகள் சேர்ந்துவிட்ட கோப்புறையில், அத்தனை பெயர்களையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றாமல் வேலை செய்ய ரீட்டிரே ஏற்றது.

ரீட்டிரை மடக்கில் எழுதும்போது ஒரு குழி இருக்கிறது. நான் விழுந்த குழிகளில் இது ஆழமானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ரதம் நிற்கும் இடங்களை வரிசைப்படுத்துவதற்காக, புறப்படும் இடத்தை '0' என்றும், அடுத்தடுத்த இடங்களை 1, 2, 3 என்றும் துணைக் கோப்புறைகளாக்கி வைத்திருந்தோம். பக்கத்தில் சில கோப்புறைகள் மட்டும் தெரிந்தன, மற்றவை இல்லை. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. ரீட்டிர் ஏதேனும் தரும்வரை மடக்கு ஓடட்டும் என்று எழுதியிருந்தோம். மடக்கு 'உண்டா, இல்லையா' என்று மட்டும் பார்த்தது. பிஎச்பியில் '0' என்னும் ஒற்றை எழுத்துச் சரம் (எழுத்துத் தொடர்) உண்மை-பொய்ச் சோதனையில் பொய்யாகவே கொள்ளப்படும். அந்தப் பெயர் வந்ததும் பட்டியல் தீர்ந்துவிட்டது என்று மடக்கு நின்றுவிட்டது. வந்த மதிப்பு 'பொய்' என்னும் மதிப்பேதானா, அல்லது பொய்யாகத் தோற்றமளிக்கும் வேறொன்றா என்று வகையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்: ஆச்சரியக்குறியும் அதைத் தொடர்ந்து இரண்டு சமக்குறிகளும் இட்டால் அந்தக் கண்டிப்பான ஒப்பீடு கிடைக்கும். ஒரு சமக்குறி குறைந்தால் குழி அப்படியே இருக்கும்.

ரீட்டிர் பெயர்களை எந்த வரிசையில் தரும் என்பதற்கும் உறுதி இல்லை. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை தன் வசதிக்கு வைத்திருக்கும் வரிசையிலேயே வரும். லினக்சில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 முறைமையில், பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணின் வரிசை அது. அகர வரிசையும் அல்ல, சேமித்த வரிசையும் அல்ல.

மூன்றாவது வழியான 'கிளாப்' வடிவத்தைக் கொடுத்துத் தேடுவது. ஜி, எல், ஓ, பி என்னும் நான்கு எழுத்துகள். எந்தப் பெயருக்கும் பொருந்தும் உடுக்குறியும் (*) அதன்பின் '.ஜேபெக்' என்ற பின்னொட்டும் கொடுத்தால் அந்தப் பின்னொட்டுள்ள படங்கள் மட்டும் வரும். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளை உடுக்குறி பொருத்திக்கொள்ளாது, ஆகவே இரு புள்ளிகளின் தொல்லையும் இல்லை. கொடுத்த பாதையையும் பெயரோடு ஒட்டியே தருவதால் இஸ் ஃபைல் குழப்பமும் குறைகிறது. ஆனால் லினக்ஸ் வழங்கியில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறு வேறு. பேரெழுத்தில் பின்னொட்டு எழுதும் நிழற்படக் கருவியின் படங்களைச் சிற்றெழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. மாணவரின் விண்டோஸ் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் வழங்கிக்கு ஏற்றியதும் வெறும் பக்கத்தைக் காட்டுவதற்கு இது ஒரு பழகிப்போன காரணம். பின்னொட்டைத் தனியே பிரித்து, சிற்றெழுத்தாக்கி, அனுமதித்த பின்னொட்டுகளோடு ஒப்பிடுவதையே நான் விரும்புகிறேன்.

இனி வரிசை. ஸ்கேன்டிர் அடுக்கித் தருகிறது என்றேன். அது எழுத்துக் குறியீட்டு எண்ணின்படி அடுக்குவது. 'ரதம்10' என்பது 'ரதம்2' என்பதற்கு முன் வரும், ஏனெனில் 1 என்னும் எழுத்து 2 என்னும் எழுத்துக்கு முந்தியது. இதற்கு 'நாட்சார்ட்' என்னும் செயற்கூறு போதும், அது எண்ணை எண்ணாகவே கருதி அடுக்கும்.

தமிழ்ப் பெயர்களுக்கு அது போதாது. பந்தல், பழம், பன்னீர் என்று மூன்று படங்கள் இருப்பதாகக் கொள்வோம். நம் அகராதி இதே வரிசையில்தான் வைக்கும், றகர னகரங்கள் மெய்வரிசையின் கடைசியில் வருபவை என்பதை முதலாம் ஆண்டுத் தமிழ்ப்பள்ளி மாணவரும் சொல்வார். ஸ்கேன்டிரோ பந்தல், பன்னீர், பழம் என்று அடுக்கும். யுனிகோடு தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட ஐஎஸ்சிஐஐ குறியீட்டின் அமைப்பைப் பின்பற்றியது. அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. அதனால் 'காளை' என்னும் படம் 'காவடி'க்கு முன் வரும். ஓர் இடையெழுத்து இடம் மாறுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பெயர்ப் பட்டியலில் தேடி வருபவர் தம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று திரும்பிப் போய்விடுவதுதான் கெடுதல். பிஎச்பியோடு கூடுதலாகச் சேர்க்கும் 'இன்டில்' நீட்சியில் 'கொலேட்டர்' என்னும் வகுப்பு (தொடர்புடைய செயற்கூறுகளின் தொகுப்பு) உள்ளது. தமிழுக்குரிய 'டிஏ' என்னும் குறியீட்டைக் கொடுத்து அதை உருவாக்கி, அணியை அதனிடம் அடுக்கக் கொடுத்தால் நம் நெடுங்கணக்கு வரிசை கிடைக்கும். தமிழ்ப் பெயர்களைக் காட்டும் தளம் எதுவும் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு நுட்பம் உண்டு. 'கொடி' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன் கொம்பும் பின் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, வழங்கிக்கு இரண்டும் வேறு. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பின் பெயரை நாம் தட்டச்சு செய்த பெயரோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் போகலாம். அதே நீட்சியில் உள்ள 'நார்மலைசர்' இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். பெயரின் நீளத்துக்கும் எல்லை உண்டு. இஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட்டுகளை அனுமதிக்கிறது. யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு என்பதால், ஆறே எழுத்துள்ள 'கொடியேற்றம்' 33 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. படத்தின் முழு விளக்கத்தையும் பெயராக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் கொள்ளட்டும்.

உரிமைகளைப் பற்றிப் பேசாமல் இது முடியாது. இணைய வழங்கி ஒரு தனிப் பயனராக ஓடுகிறது. கோப்புறையில் அந்தப் பயனருக்கு இரண்டு உரிமைகள் தேவை. ஒன்று வாசிக்கும் உரிமை, அது பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமை. மற்றது நுழையும் உரிமை, அது வகுப்பறைக்குள் போய் மாணவரைச் சந்திக்கும் உரிமை. உரிமைகளை மூன்று இலக்கங்களால் குறிப்பார்கள்: உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ற வரிசையில்; வாசிக்க 4, எழுத 2, நுழைய 1 என்று கூட்டிய தொகை ஒவ்வோர் இலக்கமும். 755 என்று வைத்தால் மற்றவர்களுக்கு இரண்டும் உண்டு. 744 என்றால் பெயர்கள் வரும், ஆனால் எந்தக் கோப்பையும் தொட முடியாது. இஸ் ஃபைல் எல்லாவற்றையும் இல்லை என்று மறுக்கும். 711 என்றால் பட்டியல் வராது, பெயர் தெரிந்த படம் மட்டும் திறக்கும். எதுவும் வேலை செய்யவில்லை என்று 777 வைத்துவிடும் வழக்கம் வேண்டாம். அது யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் பெயர் எழுதவும் அடிக்கவும் விடுவது.

பார்வையாளர் முகவரியில் ஆண்டைக் கொடுத்தால் அந்த ஆண்டின் கோப்புறையைக் காட்டுவது என்று எல்லாரும் விரைவிலேயே எழுதத் தொடங்குவார்கள். அங்கே ஆண்டுக்குப் பதிலாக இரட்டைப் புள்ளியும் சாய்கோடும் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பினால், நம் நிரல் படிப்படியாக மேலேறி, கடவுச்சொல் வைத்திருக்கும் கோப்புறையின் பட்டியலையும் அடக்கமாகக் கொண்டுவந்து காட்டும். இதைத் தடுக்க நான் கற்பிக்கும் வழி, வாசிப்பையே காவலாக்குவது. ஆண்டுக் கோப்புறைகள் இருக்கும் இடத்தை முதலில் நாமே ஸ்கேன்டிர் கொண்டு வாசித்து, பார்வையாளர் கேட்ட பெயர் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று கண்டிப்பான ஒப்பீட்டில் பார்த்து, இருந்தால் மட்டுமே திறக்க வேண்டும். இரு புள்ளிகளை நீக்க மறந்தவர்களுக்கு இங்கே தண்டனை காத்திருக்கிறது: இரட்டைப் புள்ளியும் அந்தப் பட்டியலில் உள்ள பெயர்தானே. பாதை பல அடுக்காக இருந்தால் 'ரியல்பாத்' கொண்டு உண்மையான முழுப் பாதையைக் கண்டு, அது நம் அடிக்கோப்புறையின் பாதையோடு ஒரு சாய்கோட்டையும் சேர்த்த சரத்தில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சாய்கோட்டை விட்டால் 'படங்கள்' என்பதற்குக் கொடுத்த அனுமதி 'படங்கள்பழையவை' என்பதற்கும் போய்விடும்.

பெயரைப் பக்கத்தில் எழுதும்போதும் அது பிறர் வைத்த பெயர் என்பதை மறக்கக் கூடாது. கோணக்குறிகள் கொண்ட பெயரை உலாவி கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 'எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ்' வழியாகவே அச்சிட வேண்டும். இணைப்பில் வைக்கும்போது 'ரா யூஆர்எல் என்கோட்' வேண்டும், இல்லையேல் நம் '#தைப்பூசம்' மறுபடியும் காலை வாரும். முகவரியில் '#' என்பதற்குப் பின்னுள்ளதை உலாவி வழங்கிக்கு அனுப்புவதே இல்லை என்பதால், படத்தைச் சொடுக்கியவருக்குப் படம் வராது.

துணைக் கோப்புறைகளுக்குள்ளும் இறங்க வேண்டுமானால், ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைப்பதாக எழுதலாம். பெயர் கோப்புறையாக இருந்தால் அதே வேலையை அதற்குள்ளும் செய். இரு புள்ளிகளை இங்கே விலக்காவிட்டால், ஒற்றைப் புள்ளி அதே கோப்புறைக்குள் மீண்டும் மீண்டும் இட்டுச்செல்லும். எழுதிப் பழகியபின், பிஎச்பியிலேயே உள்ள 'ரிகர்சிவ் டைரக்டரி இட்டரேட்டர்' என்னும் வகுப்பைப் பயன்படுத்தலாம். புள்ளிகளைத் தாண்டச் சொல்லும் விருப்பத்தை அதற்கு நாமே கொடுக்க வேண்டும். குறியீட்டு இணைப்புகளை, அதாவது வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் பதிவுகளை, அது தானாகப் பின்தொடர்வதில்லை. நாம் கையால் எழுதும் செயற்கூற்றில் 'இஸ் டிர்' இணைப்பைத் தாண்டி அதன் இலக்கைப் பார்த்துக் கோப்புறை என்று சொல்லிவிடும் என்பதால், 'இஸ் லிங்க்' என்று முதலில் கேட்டு விலக்கிவிட்டே உள்ளே இறங்க வேண்டும். தாய்க் கோப்புறையையே சுட்டும் இணைப்பு ஒன்று இருந்தால், நிரல் அதற்குள் போய், மறுபடி அதையே கண்டு, மறுபடி போய்க்கொண்டிருக்கும்.